மாடியில் எனக்கென்று பார்த்த அறை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் நான் ஒரு பக்கம் போனால் அது ஒரு பக்கம் போகிறது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு அதுதான். போனில் பேசாமல் எதற்கு இவ்வளவு நீளக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லிவிடுவாய், அதிலும் என் குரல் கொஞ்சம் இறங்கினால் போதும், ஏம்மா ஒரு மாதிரி பேசறே என்று பிடித்துக்கொள்வாய், அப்புறம் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு இருமல் மருந்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். காகிதம் நடுவில் பேசாது. கூரியர் கடைக்காரன் நாலு நாளில் கையில் சேர்த்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறான். அவன் மூஞ்சியைப் பார்த்தால் ஆறு நாள் ஆகும் போலிருக்கிறது. எப்படியும் பத்தாம் தேதிக்கு முன்னால் வந்துவிடும், அதற்குள் நீ எதிலும் கையெழுத்துப் போடாதே.

நீ பார்த்து வைத்திருப்பது இரண்டு வீடு. ஒன்று உன் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், சலவைக் கடைக்கு மேலே, இரண்டே அறை, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். மற்றது நகரத்தை விட்டு வெளியே பதினொரு ஸ்டேஷன் தள்ளி, கீழே மூன்று அறை, மேலே ஒன்று, பின்னால் மரம். காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க ஆள் வரிசையில் நிற்கும், நீ அங்கே இருந்தாக வேண்டும். இருந்தும் நீ பெரிய வீட்டையே முடிவு செய்துவிட்டாய். மாடியில ஒரு ரூம் இருக்கும்மா, காலைல வெயில் நேரா உள்ள வருது, பார்த்ததுமே இது அம்மாவுக்குன்னு நானும் அவரும் சொல்லிட்டோம் என்று நீ போனில் சொன்னாய். நான் யோசிக்கவே இல்லை. சரி, எடுத்துடு என்றேன். மாடிப்படிக்கும் என் முழங்காலுக்கும் ஆகாது என்பதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்.

அன்றே பக்கத்து வீட்டுத் தையற்காரியிடம் சொன்னேன். மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிட்டது, நான்தான் சொன்னேன், வேறு யாரையும் பழி சொல்ல முடியாது. பெரிய கட்டிலை அவளுக்கே கொடுத்துவிட்டேன். ஆள் வைத்துத் தூக்கிப் போகும்போது, உங்களுக்கென்னம்மா, கொடுத்து வச்சவங்க, என் புள்ளைங்க கூப்பிடறதா இருந்தா மாடி ரூமெல்லாம் இல்ல, மாடிப்படிக்குக் கீழதான் என்று சொன்னாள். அவள் வயிற்றெரிச்சலில் சொன்னாள், எனக்கு அதைக் கேட்கக் கேட்க இனித்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் ரவிக்கையைப் பிடித்துத் தைத்துவிட்டு உங்க உடம்புதான் பெருத்துப் போச்சு என்று சொன்னவள்தானே. இப்போது அந்தக் கட்டிலில் அவள் படுக்கிறாள், நான் தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறேன், திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ சொன்ன அந்த அறையில் நான் மனதால் குடியேறி ஒரு மாதம் ஆகிறது. அது தெரிந்த பிறகுதான் நான் மேலே சொல்லப் போவதை நீ படிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம், ரயிலில் நாற்பது நிமிஷம்தான் என்று நீ சொன்னாய் அல்லவா, அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உள்ளே ஒரு உறுத்தல் வந்தது, ஆனால் ஆசையில் அதை அமுக்கிவிட்டேன். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் பெரியப்பா எங்களை இந்த வீட்டுக்கு அழைத்து வந்து காட்டியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதுவரை நகரத்தில் அவர் வீட்டின் பின்கட்டில் ஒரே அறையில் இருந்தோம், உனக்கு ஒரு வயது. அந்த அறை அவருடைய கடைச் சாமான் போட அவருக்கு வேண்டும், அதை வாய்விட்டுச் சொல்லாமல், தம்பி, காத்தோட்டமா ஒரு வீடு பார்த்திருக்கேன், குழந்தைக்கு நல்லது என்றார். கட்டம் போட்ட சட்டை, கறுப்புப் பட்டை வைத்த கடிகாரம். வண்டி கிளம்பும்போது ஒரு தடவை பார்த்தார், இறங்கும்போது ஒரு தடவை பார்த்தார், முப்பத்தெட்டு நிமிஷம், எண்ணிக்கோ என்றார். வண்டியில் நாங்கள் மூன்று பேரும் நீயும் தவிர ஒரு பூனையும் இல்லை. ஸ்டேஷன் வாசலில் அவருடைய சிநேகிதர் காரோடு நின்றார், ஆறு நிமிஷத்தில் வீடு. மூன்று அறை, முன்னால் வாசல், நீ தவழ்ந்து போய்ச் சுவரைத் தொட்டுச் சிரித்தாய். அப்போதே தலையாட்டிவிட்டோம். அடுத்த திங்கட்கிழமைதான் தெரிந்தது, வேலை நாளில் அந்த வண்டி நடுவில் இரண்டு இடத்தில் ஓரமாக நின்று வேகவண்டிக்கு வழி விடும் என்பதும், நிற்கவே இடம் கிடைக்காது என்பதும், கார் இல்லாதவனுக்கு ஸ்டேஷனிலிருந்து வீடு இருபத்தைந்து நிமிஷ நடை என்பதும். வாசற்படியிலிருந்து வேலை செய்யும் இடம் வரை ஒரு மணி ஐம்பது நிமிஷம். அதற்கப்புறம் உன் பெரியப்பா வீட்டு விசேஷம் எதிலும் நான் இரண்டாம் தடவை சோறு வாங்கியதில்லை, உனக்கே தெரியும், ஏன் என்று உனக்குத் தெரியாது.

உன் அப்பா காலை ஐந்து நாற்பதுக்கு வாசலைத் தாண்டினால் திரும்ப எட்டு ஆகிவிடும். லிப்ட் கம்பெனியில் மெக்கானிக், ஊரில் இருக்கிற உயரமான கட்டடத்துக்கெல்லாம் போய் ஊர் ஜனத்தை மேலே ஏற்றிக் கீழே இறக்கிவிட்டு வருவார், வந்ததும் நம் வீட்டு இரண்டு படியை ஏறுவதற்கு மூச்சு வாங்குவார். கையில் கிரீஸ் வாசனை போகவே போகாது. தட்டில் கை வைத்துக்கொண்டே தூங்கிவிடுவார். நீ பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வாய், உம் உம் என்பார், நீ வேண்டுமென்றே அப்பா என்னை முதலை கடிச்சிடுச்சு என்பாய், அதற்கும் உம் என்பார், நீ என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய், நான் சிரிப்பேன். இப்படி இருபத்திரண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பகலில் இருப்பார், அதிலும் பாதி தூக்கம். நல்ல மனுஷன், ஆனால் பேசத் தெரியாத மனுஷன், சிரிக்கத் தெரியாத மனுஷன் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்று இருக்கிறது, மறைக்காமல் எழுதுகிறேன். அண்ணன் பேச்சைக் கேட்டு இவ்வளவு தூரத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டோமே என்று அவர் மனசு நொந்துவிடக் கூடாது என்று நான் தினமும் இந்த வீட்டைப் புகழ்வேன். என்ன காத்து வருது பாருங்க, பின்கட்டுல இருந்தா இது கிடைக்குமா, மூணு ரூமையும் கூட்டிப் பெருக்கறதே ஒரு சுகம், இந்த வாசலை விட்டு எங்கேயும் போக மாட்டேன் என்பேன். உண்மையில் பகல் முழுக்க அந்த மூன்று அறையிலும் நானும் நீயும்தான். பேச ஆளில்லாமல் பால்காரனை நிறுத்தி வைத்து மாட்டைப் பற்றி விசாரிப்பேன். அதையெல்லாம் அவரிடம் சொன்னதில்லை. களைத்து வருகிற மனுஷனிடம் அழுகையை நீட்டக் கூடாது என்று நான் புத்திசாலி மாதிரி நினைத்தேன்.

அவர் போனது ஒரு சனிக்கிழமை காலை, நீ முதல் வேலைக்குச் சேர்ந்த வருஷம். அன்று துக்கத்துக்கு நாலு பேர் சேர்ந்து வந்தார்கள், நீ உள்ளே இருந்தாய், பார்த்திருக்க மாட்டாய். நாலு பேரும் அவரோடு தினமும் வண்டியில் போகிறவர்கள். அதில் வரி ஆபீஸில் டைப் அடிக்கிறவர் ஒருவர், நமக்கு முந்தின ஸ்டேஷனில் ஏறி ஜன்னலோரம் பிடித்து மற்ற நாலு பேருக்கும் கைக்குட்டை போட்டு இடம் வைப்பாராம், அதனால் அவர்களுக்குள் அவருக்கு ஜன்னலோரத்தார் என்று பெயர். அவர் அழுதுகொண்டே, இனி எங்க பெட்டியில யாரும்மா எங்களைச் சிரிக்க வைப்பாங்க, டிக்கெட் பரிசோதகர் மாதிரியே பேசிக் காட்டுவாரே, லிப்டுல மாட்டிக்கிட்ட பெரிய மனுஷங்க என்ன என்ன வேண்டிக்கிட்டாங்கன்னு நடிச்சுக் காட்டுவாரே, அடுத்த பெட்டிக்காரங்க எல்லாம் எட்டிப் பார்ப்பாங்களே என்றார். வீடு மாறி வந்துட்டீங்களோ என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. மற்ற மூன்று பேரும் ஆமாம்மா ஆமாம்மா என்று தலையாட்டினார்கள். எனக்குத் துக்கத்துக்கு மேலே ஒரு கோபம் வந்தது. என் புருஷனுடைய சிரிப்பு முழுவதையும் இவர்கள் போக வர வண்டியிலேயே வாங்கித் தீர்த்துவிட்டு, மிச்சத்தை எனக்கு இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கத் தோன்றவில்லை. தோன்றாமல் என்ன, தோன்றியது, கொடுக்கவில்லை. அதற்கப்புறம் கடைத்தெருவில் அந்த ஜன்னலோரத்தாரைப் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். பதினொரு வருஷம் அப்படித்தான்.

போன புதன்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன், கண்ணாடி மாற்றலாம் என்று. சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரியணும், அரைமணி நேரம் கண்ணைத் திறக்காம உட்காருங்கம்மா என்று ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வரிசையாக ஏழெட்டுப் பேர் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ பெரிய தவம் செய்கிறவர்கள் மாதிரி. நர்ஸ் வந்து நீலப் பை வச்சிருக்கிற அம்மாவுக்கு இன்னும் ஒரு சொட்டு என்றாள், நான்தான் நான்தான் என்றேன். உடனே பக்கத்திலிருந்து, லிப்ட்காரர் வீட்டம்மாதானே, குரலை வச்சே தெரிஞ்சுது என்று ஒரு சத்தம். யாரென்று எனக்கும் தெரிந்துவிட்டது. எழுந்து போகலாம் என்றால் கண்ணைத் திறக்க முடியாது. மாட்டிக்கொண்டேன். அவர் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார். உன் அப்பா போன அந்த மாதம் முடிகிற வரைக்கும் வண்டியில் அவர் இடத்தில் இவர்கள் யாரையும் உட்கார விடவில்லையாம், அவரோட சீசன் டிக்கெட் முப்பதாம் தேதி வரைக்கும் செல்லும்மா, அதுவரைக்கும் அது அவர் எடம்தானே என்றார். எத்தனை பேர் சண்டைக்கு வந்திருப்பார்கள் அந்தக் கூட்டத்தில். அப்புறம் அவர் பெருமூச்சு விட்டு, அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்துல ரெண்டு ரூம் தர்றேன்னு சொன்னப்பவே நீங்க போயிருக்கலாம்மா, மனுஷன் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார் என்றார்.

எந்த ரெண்டு ரூம் என்று கேட்டேன். உங்களுக்குத் தெரியாதா என்றார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த மூன்றாவது வருஷம், லிப்ட் அடிக்கடி நின்றுபோகிற ஒரு பெரிய கட்டடத்தில், மெக்கானிக் அங்கேயே குடியிருந்தால் நல்லது என்று தரைத்தளத்தில் லிப்டுக்குப் பின்னாலேயே இரண்டு அறை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாரம் டைம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரமும் உன் அப்பா வண்டியில் இதையேதான் பேசினாராம். கடைசி நாள், வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்பா, வீட்டுல அவ இப்பத்தான் மூச்சு விடறா, மூணு ரூம், வாசல், காத்துன்னு தினம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படறா, அவளைக் கொண்டுவந்து லிப்டுக்குப் பின்னாடி அடைக்க எனக்கு மனசு வரல, ரயில்தானே, போயிட்டு வந்துட்டாப் போச்சு என்றாராம். அவளிடம் கேட்டியா என்று இவர்கள் கேட்டதற்கு, கேட்டா எனக்காக வர்றேன்னு சொல்லிடுவா, அதான் கேட்கல என்றாராம்.

நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். நர்ஸ் வந்து, என்னம்மா இது, அழுதா மருந்தெல்லாம் வெளிய வந்துடும், மறுபடி முதல்லேர்ந்து விடணும், அப்புறமா வீட்டுக்குப் போய் அழுங்க என்று திட்டினாள். மூன்று தடவை விட்டாள். கடைசியில் நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டாள். ஜன்னலோரத்தார் தடவித் தடவி வாசல் வரைக்கும் வந்து, சொல்லியிருக்கக் கூடாதோ என்றார். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குப் பதில் சொன்னேன், முப்பது வருஷம் முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும்ங்க என்றேன்.

அந்த இரண்டு அறைக்கு நான் ஓடியிருப்பேன். பாயைச் சுருட்டி இடுப்பில் வைத்து, உன்னை மறு இடுப்பில் வைத்து, அன்றைக்கே. லிப்டு சத்தம் என்ன, இடி விழுந்தாலும் என்ன, மத்தியானம் சாப்பிட வந்திருப்பாரே. அந்த டிக்கெட் பரிசோதகர் மாதிரி எனக்கும் ஒரு தடவை பேசிக் காட்டியிருப்பாரே. அவர் எனக்காக வேண்டாம் என்றார், நான் அவருக்காக இந்த வீட்டைப் புகழ்ந்தேன், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்து இருபத்திரண்டு வருஷத்தைத் தொலைத்தோம். உன் பெரியப்பாவைத் திட்டுவதற்கு எனக்கு இருந்த காரணத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை விடமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனது அவர்தான்.

இப்போது உன் விஷயம். பயணம் ஒரு கஷ்டமே இல்லம்மா, வண்டியில உட்கார்ந்து புஸ்தகம் படிப்பேன் என்று நீ போனில் சொன்னாய். உட்கார்ந்தா? காலை ஏழு மணி வேலைக்குப் போகிற வண்டியில் உனக்கு யார் கைக்குட்டை போட்டு வைத்திருக்கிறார்கள்? எனக்காக நீ சொல்கிற அந்தக் குரல் எனக்குத் தெரியும், அது நான் இந்த வீட்டைப் புகழ்ந்த அதே குரல். மாப்பிள்ளை வீட்டிலிருந்தே படம் வரைகிற வேலை செய்கிறவர், அவருக்கு எந்த வீடானாலும் மேஜை ஒன்றுதான். அலையப் போவது நீ. என் பேத்தி தூங்கி எழுவதற்கு முன்னால் நீ போயிருப்பாய், வந்து அவள் சொல்வதற்கு உம் உம் என்பாய். ஆறு வயதுக் குழந்தை, அவளையும் ஒரு முதலை கடிக்கும், உன் காதில் விழாது.

உனக்கு முதலில் வேறு ஒரு கடிதம் எழுதினேன். எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை, இந்தத் தெருவை விட்டு வர மாட்டேன், எனக்காகப் பார்க்காதே என்று. எழுதி மடித்து உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். அப்புறம் பிரித்துக் கிழித்துப் போட்டேன். உன் அப்பா செய்ததும் அதுதானே. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், கேள். எனக்கு வர ஆசை. அந்த மாடி அறையில் காலை வெயிலில் உட்கார ஆசை. என் பேத்திக்குத் தலை வாரிவிட ஆசை. தையற்காரி முன்னால் பெட்டியோடு இறங்கிப் போக ஆசை. இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என்னால் இந்த வீட்டில் உட்கார முடிவதில்லை, சும்மா வாசலில் நிற்கிறேன். இது அத்தனையும் நிஜம். இத்தனையும் சொல்லிவிட்டுத்தான் சொல்கிறேன், அந்த வீட்டை எடுக்காதே. சலவைக் கடை மாடியை எடு. அங்கே எனக்கு இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும், தெரியாமல் சொல்கிறேன் என்று நினைக்காதே.

நான் சொன்னதற்காகவும் முடிவு செய்யாதே. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு, வெட்கப்படாதே, அவர் நல்லவர், கல்யாணத்தன்று எனக்கு நாற்காலி போடாமல் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை என்றாலும் நல்லவர். படித்துவிட்டு இரண்டு பேரும் உனக்கு எது வேண்டும் எனக்கு எது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பெரிய வீடு என்றால் ஏன் என்று கேள். நீ சின்ன வீடு என்றால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல், அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்லாதே. கையெழுத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் அந்தப் பதினொரு ஸ்டேஷனையும் நின்றுகொண்டே போய்ப் பார், நடந்து ஸ்டேஷனுக்குப் போ, யாராவது கார் கொண்டுவருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல். பேத்திக்கு முன்பல் ஆடுகிறது என்றாயே, பிடித்து இழுக்காதே, தானாக விழட்டும். நீங்கள் மூவரும் ஒரே விளக்கின் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிற வாழ்க்கை உங்களுக்குக் கிடைக்க வேண்டும், அதற்கு மேல் உங்களுக்காக நான் எதையும் கேட்டுக்கொள்வதில்லை.

பத்தாம் தேதி கையெழுத்துப் போட்ட கையோடு எனக்குப் போன் செய். சலவைக் கடை மாடி என்று நீ சொன்னதும் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

வர ஆசைப்பட்டும் வேண்டாம் என்று எழுதும்,
உன் அம்மா